கப் கேக் மாவை அளந்து ஊற்ற எதை வாங்கலாம்? ஸ்கூப், பை, ஜாடி, டிஸ்பென்சர்: ஒரு மதிப்பீடு

தீபாவளி நெருங்கினால் தென்னாப்பிரிக்காவில் டர்பனைச் சுற்றியுள்ள சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டொங்காட் பக்கமெல்லாம் வீட்டு ஓவன்களுக்கு ஓய்வே இருக்காது. பக்கத்து வீடுகளுக்கு அனுப்பும் பலகாரப் பெட்டியில் முறுக்குக்கும் லட்டுக்கும் நடுவே கப் கேக்குக்கும் ஓர் இடம் உண்டு. ஒரு வீட்டுக்கு ஆறு என்று கணக்குப் போட்டாலே முப்பது வீட்டுக்கு 180 ஆகிவிடும். அத்தனையும் ஒரே உயரத்தில், ஒரே பதத்தில் வெந்து வர வேண்டுமென்றால் செய்முறையைவிட, மாவைக் குழியில் விடுகிற கருவிக்குத்தான் வேலை அதிகம்.

ஒரு குழியில் 35 கிராம் மாவும் அடுத்த குழியில் 55 கிராமும் விழுந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். 180 டிகிரி ஓவனில் 35 கிராம் கேக் வெந்து நிற்கும்போது 55 கிராம் கேக்கின் நடு இன்னும் ஈரமாகவே இருக்கும். பெரியது வேகட்டும் என்று விட்டால் சின்னதின் ஓரம் உலர்ந்து காகிதத்தை விட்டுப் பிரிந்துவிடும். பெரியது காகிதத்தைத் தாண்டி வழிந்து தட்டோடு ஒட்டிக்கொள்ளும். எடுக்கும்போது தலை கையோடு வரும், உடல் தட்டில் நிற்கும். பெட்டியில் அடுக்கினால் உயரமானதின் ஐசிங் மூடியில் ஒட்டும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெண்ணெய், சர்க்கரை குழைத்துச் செய்யும் கெட்டியான மாவுக்கு ஸ்பிரிங் வைத்த ஸ்கூப்பை மிஞ்சிய கருவி இல்லை. வழக்கமான குழிக்கு 20-ஆம் எண், குட்டிக் குழிக்கு 40 அல்லது 50. கொதிநீர் ஊற்றிச் செய்யும் சாக்லெட் கேக் போன்ற நீர்த்த மாவுக்கு மூக்கு வைத்த ஜாடி போதும். விசையை அழுத்தினால் மாவு இறங்கும் பிளாஸ்டிக் டிஸ்பென்சர் வீட்டுக்கு வேண்டாம். காரணங்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

குழியை அளக்காமல் கடைக்குப் போகாதீர்கள்

பேட்டி பேன் என்று நாம் ஒரே பெயரில் சொல்லும் குழித்தட்டுகள் உண்மையில் ஒன்றுபோல் இருப்பதில்லை. பாட்டி காலத்துத் தட்டு ஆழம் குறைந்தது, ஜாம் டார்ட்டுக்கு ஏற்றது. இப்போது விற்கும் மஃபின் ட்ரே ஆழமானது, சுவர் செங்குத்தாக நிற்கும். இரண்டிலும் 12 குழிதான், வாய் அகலமும் பார்வைக்கு ஒன்றுபோல் தெரியும். கொள்ளளவில் மட்டும் இரண்டு மடங்கு வித்தியாசம் வரலாம். எந்த ஸ்கூப் நல்லது என்று கேட்பவருக்கு, உங்கள் குழி எத்தனை மி.லி. என்ற கேள்வியைத் திருப்பிக் கேட்காமல் பதில் சொல்ல முடியாது.

அளப்பது இரண்டு நிமிட வேலை. ஜாடியில் தண்ணீர் எடுத்து, எலக்ட்ரானிக் தராசில் வைத்து பூஜ்யமாக்குங்கள். ஒரு குழியை விளிம்பு வரை நிரப்பிவிட்டு ஜாடியை மறுபடி தராசில் வையுங்கள். திரையில் மைனஸ் 70 என்று காட்டினால் உங்கள் குழி 70 மி.லி.; தண்ணீருக்கு ஒரு கிராம் என்பது ஒரு மி.லி. இரண்டு மூன்று குழிகளை இப்படி அளந்து பாருங்கள். மலிவுத் தட்டுகளில் ஓரக் குழிக்கும் நடுக் குழிக்கும் வித்தியாசம் இருப்பதுண்டு.

கிடைத்த எண்ணில் மூன்றில் இரண்டு பங்குதான் மாவுக்கு. 70 மி.லி. குழிக்கு 47 மி.லி. வரும். 30 மி.லி. குட்டிக் குழிக்கு 20 மி.லி. 110 மி.லி. பெரிய மஃபின் குழிக்கு 73 மி.லி. இந்த எண்ணை ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

ஸ்கூப்பின் எண் என்ன சொல்கிறது

ஸ்கூப்பின் உள்தகட்டிலோ பிடியிலோ ஓர் எண் பொறித்திருக்கும். எண் பெரிதானால் ஸ்கூப்பும் பெரிது என்று நினைத்து வாங்கி ஏமாறுபவர்கள் பலர், கணக்கு நேர்மாறானது. ஓர் அமெரிக்கக் குவார்ட், அதாவது 946 மி.லி., அந்த ஸ்கூப்பால் எத்தனை முறை எடுத்தால் தீரும் என்பதுதான் அந்த எண். ஆகவே 16 என்றால் 59 மி.லி., 20 என்றால் 47, 24 என்றால் 39, 30 என்றால் 32, 40 என்றால் 24, 50 என்றால் 19, 60 என்றால் 16. மேலே சொன்ன 70 மி.லி. குழிக்கு 20-ஆம் எண் அப்படியே பொருந்துகிறது. 30 மி.லி. குட்டிக் குழிக்கு 50-ஆம் எண். அது கிடைக்காவிட்டால் 40-ஐ வாங்கி, விளிம்பு வரை நிரப்பாமல் சற்றுக் குறைத்து எடுக்கலாம். ஆனால் குறைத்து எடுப்பதைக் கை ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி செய்யாது. 50-ஐத் தேடி வாங்குவதே நல்லது.

ஐரோப்பியத் தயாரிப்புகளில் சில, குவார்ட்டுக்குப் பதிலாக லிட்டரைக் கணக்கில் எடுக்கும். அவற்றில் 20 என்றால் 50 மி.லி. இந்த 3 மி.லி. வித்தியாசம் கேக்கைக் கெடுக்காது. ஆனால் பழைய ஸ்கூப் உடைந்து புதிது வாங்கும்போது ஒரு கலவைக்கு 24 கேக் வந்த இடத்தில் 22 வந்தால் காரணம் இதுதான். நம் ஊர்ச் சமையல் அளவுகளோடு ஒப்பிட்டால், 250 மி.லி. கோப்பை மாவில் 20-ஆம் எண்ணால் ஐந்து கேக் வரும், கொஞ்சம் மிஞ்சும்.

பிடியின் நிறமும் ஒரு குறிப்பு. ஹோட்டல் சமையலறைக்குச் செய்யும் ஸ்கூப்களில் 16 கருநீலம், 20 மஞ்சள், 24 சிவப்பு, 30 கறுப்பு. வீட்டுக்கென்று விற்கும் மலிவுச் சரக்கில் நிறம் வெறும் அழகுக்குத்தான். எண்ணே பொறிக்காத ஸ்கூப்பும் நிறைய விற்கிறது. விட்டம் மில்லிமீட்டரில் எழுதியிருப்பார்கள். கிண்ணத்தின் ஆழம் மாறுவதால் விட்டத்தை வைத்துக் கொள்ளளவைச் சொல்ல முடியாது. வீட்டுக்கு வந்ததும் தண்ணீர் விட்டு அளந்து, ஒரு நாடாவில் எழுதிப் பிடியில் ஒட்டிவிடுங்கள்.

ஜொஹானஸ்பர்க்கில் அதே ஸ்கூப் ஏன் வழிகிறது

டர்பனில் இருக்கும் அக்கா கொடுத்த செய்முறையை ஜொஹானஸ்பர்க் பக்கத்து லெனேஷியாவில் இருக்கும் தங்கை அப்படியே செய்தால் கேக் பொங்கி, காகிதத்தைத் தாண்டி, பிறகு நடுவில் அமுங்கிவிடும். கைப்பக்குவம் போய்விட்டது என்று வருந்த வேண்டாம். இது காற்றழுத்தத்தின் வேலை. டர்பன் கடல்மட்டத்தில் இருக்கிறது. ஜொஹானஸ்பர்க் சுமார் 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் டர்பனில் இருப்பதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்குதான். ஒரே அளவு பேக்கிங் பவுடரிலிருந்து வரும் வாயு அங்கே ஐந்தில் ஒரு பங்குக்கும் மேலாகவே கூடுதலாக விரியும். மாவு வெந்து இறுகுமுன் குமிழி பெரிதாகி உடைகிறது. உடைந்தால் நடு இறங்கிவிடும்.

பேக்கிங் பவுடரை கால் பங்கு குறைப்பது ஒரு பாதி. மறுபாதி ஸ்கூப்பில் இருக்கிறது. 20-ஆம் எண்ணுக்குப் பதில் 24-ஐ எடுத்தால் 47 மி.லி. 39 ஆகிறது, அதாவது ஆறில் ஒரு பங்குக்குக் கிட்டக் குறைகிறது. 70 மி.லி. குழியில் பாதிக்குச் சற்று மேலே மாவு நிற்கும். வெந்தபின் விளிம்போடு சமமாக வரும். மேட்டுநிலத்தில் இருப்பவர்கள் 24-ஆம் எண்ணையே முதலில் வாங்கலாம். பீட்டர்மாரிட்ஸ்பர்க் போன்ற நடு உயர ஊர்களில் 20 போதும். பேக்கிங் பவுடரில் மட்டும் ஒரு சிட்டிகை குறைத்துப் பாருங்கள்.

ஸ்கூப்பைக் கையில் எடுத்துப் பார்ப்பது எப்படி

பிடியை அழுத்தினால் உள்ளே ஒரு பல்வரிசை நகரும். அது கிண்ணத்தின் அடியிலோ பக்கத்திலோ இருக்கும் சின்னப் பல்சக்கரத்தைத் திருப்பும். சக்கரத்தோடு பொருந்திய வளைந்த மெல்லிய தகடு கிண்ணத்தின் உட்சுவரை ஒட்டியே அரைவட்டம் வழித்துவந்து மாவைத் தள்ளும். கையை விட்டால் ஸ்பிரிங் தகட்டைப் பழைய இடத்துக்கு இழுக்கும். நல்லதையும் கெட்டதையும் பிரிப்பவை மூன்றே இடங்கள்: தகட்டின் ஓரம், பல், ஸ்பிரிங்.

கடையிலேயே மெதுவாக, மிக மெதுவாக அழுத்துங்கள். தகடு ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை தடங்கலின்றிப் போக வேண்டும். நடுவில் தயங்கிப் பிறகு குதித்தால் தகடு வளைந்திருக்கிறது என்று பொருள். வெளிச்சத்தில் பிடித்துத் தகட்டுக்கும் கிண்ணத்துக்கும் இடையே இடைவெளி தெரிகிறதா என்று பாருங்கள். பில் காகிதத்தை மடிக்காமல் நுழைத்துப் பாருங்கள். அது உள்ளே சரளமாகப் போய்விட்டால் மாவும் போகும். போன மாவு தகட்டுக்கு அடியில் படலமாகத் தங்கி, பத்தாவது கேக்குக்குள் 2, 3 மி.லி.யைத் தின்றுவிடும். கையை விட்டதும் தகடு ஓரத்துக்கே திரும்ப வேண்டும். பாதி வழியில் நின்றால் பல் ஒன்று தாண்டியிருக்கிறது. அந்த ஸ்கூப் இனி முழு அளவு கொடுக்காது.

பல் ஏன் தாண்டுகிறது? பெரும்பாலும் உறைந்து கல்லான ஐஸ்கிரீமைத் தோண்டுவதால்தான். கிண்ணம் இறுக்கத்தில் லேசாகக் கோணும், தகடு மடங்கும், அடுத்த அழுத்தத்தில் பல்வரிசை சக்கரத்தை விட்டு எழும்பி ஒரு பல் தள்ளி விழும். மாவுக்கு வாங்கிய ஸ்கூப்பை ஐஸ்கிரீமுக்குக் கொடுக்காதீர்கள். குழந்தைகள் இருக்கும் வீட்டில் அதைத் தனி இழுப்பறையில் வையுங்கள்.

பிடியில் இரண்டு வகை உண்டு. கட்டைவிரலால் தள்ளும் விசை கொண்டது ஒன்று, கத்தரிக்கோல் போல முழுக் கையால் அழுத்துவது மற்றொன்று. நூறு கேக்குக்கு மேல் செய்பவர்களுக்கு முழுக்கை வகைதான் சரி. கட்டைவிரல் வகையில் ஐம்பதுக்குள் விரலடி வலிக்கத் தொடங்கும். அதோடு, கட்டைவிரல் விசை வலக்கைக்கென்றே அமைந்தது. இடக்கைக்காரர்களுக்கு அது உதவாது.

உலோகத்தில் கவனம் வேண்டும். கடற்கரை ஊரின் உப்புக் காற்றில் முலாம் பூசிய ஸ்பிரிங் முதலில் துருப்பிடிக்கும், கிண்ணம் பிறகுதான். 18/8 எவர்சில்வர் என்று பொறித்ததை வாங்குங்கள். ஸ்பிரிங் வெளியே தெரியும் மாதிரியாக இருந்தால் இன்னும் நல்லது, துடைக்கலாம். அலுமினியப் பிடியைப் பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போட்டால் கறுத்து, கையில் கரி ஒட்டும்.

எடுக்கும் விதம்

ஸ்கூப்பை மாவுக்குள் செங்குத்தாகக் குத்தக் கூடாது. பாத்திரத்தின் ஓரத்திலிருந்து சாய்வாக இழுத்து நிரப்பி, வாயைப் பாத்திரத்தின் விளிம்பில் ஒரே இழுப்பில் வழியுங்கள். 20-ஆம் எண்ணில் தலை தட்டியது என்றால் 47 மி.லி.; குவித்தால் 55-ஐத் தாண்டும். பிறகு ஸ்கூப்பைக் குழியின் மேலே ஒரு விரல் உயரத்தில் பிடித்து அழுத்துங்கள். மேலே இருந்து போட்டால் மாவு காகிதத்தின் ஒரு பக்கமாக விழுந்து கேக் சாய்ந்து வேகும்.

தட்டை மேடையில் தட்டிச் சமப்படுத்தும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. குழைத்துச் சேர்த்த காற்று அதில் போய்விடும். சூடேறியதும் மாவு தானே பரவிக்கொள்ளும், விட்டுவிடுங்கள். ஒவ்வொரு ஸ்கூப்புக்கும் முன்னால் மாவைக் கலக்குவதும் அதே தவறுதான். கிஸ்மிஸ் அடியில் தங்குகிறது என்றால் மாவு நீர்த்திருக்கிறது. கிஸ்மிஸை ஒரு கரண்டி மைதாவில் புரட்டிப் போட்டாலும் ஓரளவுதான் உதவும்.

ஒரு கணக்கு கையில் இருந்தால் நல்லது. 250 கிராம் வெண்ணெய், 250 கிராம் சர்க்கரை, 4 முட்டை, 250 கிராம் மைதா, 60 மி.லி. பால், 10 மி.லி. பேக்கிங் பவுடர் சேர்த்தால் மாவு ஒரு கிலோவுக்குக் கிட்ட வரும். குழைத்த மாவில் காற்று இருப்பதால் அது தண்ணீரைவிட லேசானது. 20-ஆம் எண் தலை தட்டினால் ஏறக்குறைய 42 கிராம். ஆக ஒரு கலவைக்கு 24 கேக், அதாவது இரண்டு தட்டு. 24 கேக்குக்குப் பதில் 20 வந்தால் குவித்து எடுத்திருக்கிறீர்கள். 28 வந்தால் தகட்டடியில் மாவு தங்கியிருக்கிறது.

முட்டை சேர்க்காத மாவு

புரட்டாசி விரதத்தில் முட்டையையும் விடுபவர்கள் இங்கே நிறைய. அந்த மாதத்தில் கேட்டு வருவதெல்லாம் முட்டை இல்லாத கேக்தான். கருவியின் வேகம் உண்மையாகச் சோதிக்கப்படுவது அதில்தான். மாஸ் என்று விற்கும் புளித்த பால் 250 மி.லி.யில் 5 மி.லி. சோடா உப்பு விழுந்த நொடியிலேயே நுரை கிளம்பும். முட்டை மாவில் குமிழியைப் பிடித்து வைக்க முட்டையின் புரதம் இருக்கிறது. இங்கே அந்தப் பிடி இல்லை. கலந்த பத்து நிமிடத்துக்குள் தட்டு ஓவனுக்குள் இருக்க வேண்டும். இரண்டு தேக்கரண்டிகளால் வழித்து வழித்துப் போட்டால் 24 குழியை நிரப்பி முடிக்கும்போது முதல் குழி பொங்கி அடங்கியிருக்கும். அதனால்தான் ஒரே தட்டில் முதல் வரிசை தட்டையாகவும் கடைசி வரிசை எழும்பியும் வருகிறது. ஸ்கூப்பில் ஒரு குழிக்கு நான்கைந்து நொடி. 24-ம் இரண்டு நிமிடத்தில் முடியும்.

கண்டென்ஸ்டு மில்க் சேர்த்த மாவு கனமானது, ஒட்டக்கூடியது. அதே 20-ஆம் எண்ணில் 50 கிராம் வரை நிற்கும். எடை கூடிவிட்டதே என்று ஸ்கூப்பை மாற்ற வேண்டாம்; குழியை நிரப்புவது கொள்ளளவுதான். ஆனால் ஓவன் நேரத்தில் இரண்டு நிமிடம் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒட்டலுக்கு ஸ்கூப்பைத் தண்ணீரில் முக்கி எடுப்பவர்கள் உண்டு. ஒவ்வொரு முறையும் சில சொட்டு நீர் மாவில் சேர்ந்து கடைசிக் கேக்குகள் பிசுபிசுக்கும். காகித நாப்கினில் சில துளி எண்ணெய் விட்டு, ஆறு கேக்குக்கு ஒருமுறை கிண்ணத்தின் உட்புறத்தைத் துடையுங்கள், அது போதும்.

லோட் ஷெட்டிங் வாட்டிய 2022, 2023-ஆம் ஆண்டுகளில் பலர் பட்ட பாடு இது: மாவைக் குழியில் விட்ட பிறகு மின்சாரம் போய்விடும். இப்போதும் தெருவில் ட்ரான்ஸ்ஃபார்மர் போனால் அதே கதைதான். பேக்கிங் பவுடர் டப்பாவின் பின்பக்கம் சோடியம் அலுமினியம் சல்ஃபேட் அல்லது சோடியம் ஆசிட் பைரோபாஸ்பேட் என்று இருந்தால் பாதிக்கு மேற்பட்ட வாயு சூட்டில்தான் வரும். நிரப்பிய தட்டை அப்படியே ஃப்ரிட்ஜில் வைத்துக் காக்கலாம். சோடா உப்பும் மாஸும் மட்டும் என்றால் காக்க வழியில்லை. ஸ்கூப் எவ்வளவு வேகமாக இருந்தாலும் மின்சாரம் வந்தபின் கலப்பதுதான் உத்தமம்.

மற்ற கருவிகள்

*பைப்பிங் பை.* 24 குழி குட்டித் தட்டுக்கு, 50-ஆம் எண் ஸ்கூப் கிடைக்காத ஊரில், இது நல்ல மாற்று. பையை உயரமான டம்ளரில் நிறுத்தி, வாயை வெளிப்பக்கமாக ஒரு சாண் மடித்து, பாதிக்கு மேல் நிரப்பாமல் முறுக்குங்கள். நுனியை ஒன்றரை செ.மீ. அகலத்துக்கு வெட்டுங்கள், சிறிதாக வெட்டினால் அழுத்தம் கூடிக் காற்று வெளியேறும். குறை என்னவென்றால் பையில் அளவு இல்லை, கண்தான் அளவு. குழி நிறைந்ததும் நுனியை மேல்நோக்கித் திருப்பாவிட்டால் சொட்டிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு பையிலும் ஒரு கேக்குக்கான மாவு ஒட்டிக்கொண்டு குப்பைக்குப் போகும். சாக்லெட் சிப் போட்ட மாவுக்கு எடுக்கவே வேண்டாம்.

*ஜாடி.* எண்ணெயும் கொதிநீரும் சேர்த்த சாக்லெட் மாவு ஸ்கூப்பில் நிற்காது. தகட்டு இடுக்கு வழியாக ஒழுகி மேடை முழுக்கக் கோடு போடும். 500 மி.லி. ஜாடியில், கூரான மூக்கு வைத்ததில், பாதி மட்டும் நிரப்பி ஊற்றுங்கள். இன்னொரு கையில் ஸ்பேட்டுலா இருக்கட்டும்; ஒவ்வொரு குழிக்கும் பிறகு மூக்கில் தொங்கும் சொட்டை அதால் வெட்டுங்கள். தட்டின் மேற்பரப்பில் விழும் சொட்டு கருகி ஒட்டி, அடுத்த கலவையின் காகிதத்தைக் கிழிக்கும். எது ஜாடிக்கு, எது ஸ்கூப்புக்கு என்று தெரிய ஒரு சோதனை போதும். கரண்டியை உயர்த்தினால் மாவு கட்டியாக விழுந்தால் ஸ்கூப். ரிப்பன்போல் இறங்கி உடனே கரைந்தால் ஜாடி.

*டிஸ்பென்சர்.* பிளாஸ்டிக் கூஜா, அடியில் ஓட்டை, மேலே கைப்பிடியோடு சேர்ந்த விசை. அழுத்தினால் நடுவில் இருக்கும் தண்டு எழும்பி ஓட்டை திறக்கும்; விட்டால் ஸ்பிரிங் அதை மூடும். பொதுவாக 900 மி.லி. கொள்ளும். பெட்டியின் மேல் இருக்கும் படத்தில் ஒரு சொட்டும் சிந்தாது. வீட்டில் ஒரே ஒரு தேங்காய்த் துருவல் தண்டுக்கும் ஓட்டைக்கும் இடையே சிக்கினால் போதும், மூடாமல் வழிந்துகொண்டே இருக்கும். மாவு குறையக் குறைய மேலிருந்து வரும் எடையும் குறைவதால், ஒரே நேரம் அழுத்தினாலும் கடைசிக் குழிகளில் குறைவாகவே விழும். பக்கத்தில் கோடுகள் போட்டிருப்பார்கள். 900 மி.லி. கூஜாவில் 20 மி.லி. குறைந்ததைக் கோட்டில் யாரால் படிக்க முடியும்? தண்டைக் கழற்றிக் கழுவ முடியாத மாதிரிகளை ஒருபோதும் வாங்காதீர்கள், உள்ளே புளிக்கும். பான்கேக் கடை வைத்திருப்பவர்களுக்கு இது உதவும், அவ்வளவுதான்.

*எவர்சில்வர் பிஸ்டன் புனல்.* சாஸும் ஜெல்லியும் ஊற்றச் செய்த கருவி. நீர்த்த மாவுக்கு அழகாக வேலை செய்யும். ஆனால் 8 மி.மீ. நுனி வழியாக வெண்ணெய் மாவு இறங்காது. விலைக்கு ஏற்ற பயன் கப் கேக்கில் இல்லை.

*கரண்டி.* இட்லிக்கும் பணியாரத்துக்கும் கரண்டியை விட்டு வேறெதற்கும் போக வேண்டாம். புளித்த மாவின் குமிழியைத் தகடு வழித்து உடைத்துவிடும்.

ஸ்கூப்புக்குக் கேக்கைத் தவிரவும் ஒரு நல்ல வேலை இருக்கிறது. ஆழம் குறைந்த பேட்டி பேனில் ஹெர்ட்ஸொகி என்ற ஜாம் டார்ட் செய்பவர்கள், ஆப்ரிகாட் ஜாமின் மேல் வைக்கும் தேங்காய், முட்டை வெள்ளைக் கலவையை 60-ஆம் எண்ணால் எடுத்துப் பாருங்கள். கையில் ஒட்டாமல் உருண்டையாக விழும். முட்கரண்டியால் லேசாகப் பரப்பினால் போதும், ஓரத்தில் ஜாம் கொதித்து வழியாது.

தராசு சொல்லும் கணக்கு

ஸ்கூப் வாங்க மனமில்லாதவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. குழித்தட்டைத் தராசில் வைக்க முயலாதீர்கள். அது திரையையே மறைத்துவிடும். மாவுப் பாத்திரத்தைத் தராசில் வைத்து பூஜ்யமாக்குங்கள். கரண்டியால் எடுக்க எடுக்கத் திரையில் மைனஸ் எண் ஏறும். மைனஸ் 42 வந்ததும் அதைக் குழியில் விட்டுவிட்டு மறுபடி பூஜ்யமாக்குங்கள். கரண்டியில் ஒட்டியிருப்பது அடுத்ததோடு போகட்டும். முதல் கேக்கில் மட்டும்தான் அது குறையும். இரண்டு எச்சரிக்கைகள். மிக்ஸரின் கனமான எவர்சில்வர் பாத்திரமும் மாவும் சேர்ந்து தராசின் உச்ச எடையைத் தாண்டலாம். சில தராசுகள் தொடாமல் இருந்தால் இரண்டு நிமிடத்தில் அணைந்து கணக்கை மறந்துவிடும். வேகம் ஸ்கூப்பில் பாதிதான். ஆனால் துல்லியத்தில் ஸ்கூப்பையும் இது மிஞ்சும்.

கழுவுவது

முட்டையும் மைதாவும் ஒட்டிய ஸ்கூப்பை எடுத்தவுடன் வெந்நீரில் போடாதீர்கள். சூட்டில் முட்டை இறுகி, மாவு பசையாகி, தகட்டடியில் சிமெண்டு போல் உட்கார்ந்துகொள்ளும். முதலில் குளிர்ந்த தண்ணீரில் கால் மணி நேரம் போடுங்கள். தண்ணீருக்குள்ளேயே இருபது முறை அழுத்தி விடுங்கள். அடியில் இருக்கும் மாவு வெண்புகைபோல் கிளம்பி வருவது தெரியும். பிறகு வெந்நீரும் சோப்பும், பல்லிடுக்குக்குப் பழைய டூத் பிரஷ். காய்ந்தபின் பல்சக்கரத்தில் ஒரு சொட்டு லிக்விட் பாரஃபின் விடுங்கள். மருந்துக் கடையில் கிடைக்கும். சமையல் எண்ணெய் விட்டால் சில வாரத்தில் பிசினாகி ஸ்பிரிங்கையே பிடித்துக்கொள்ளும்.

விரதக்காரர்களுக்குச் செய்து கொடுப்பவர்கள் இரண்டாவது ஸ்கூப் ஒன்றை வாங்கியே ஆக வேண்டும். எவ்வளவு தேய்த்தாலும் தகட்டுக்கும் கிண்ணத்துக்கும் நடுவே முந்தின நாள் முட்டை மாவு கொஞ்சம் தங்கும். கண்ணுக்குத் தெரியாது, கைக்கும் எட்டாது. புரட்டாசி பிறப்பதற்குள் புதிதாக ஒன்று வாங்கி, பிடியில் மஞ்சள் நூல் சுற்றி, முட்டை படாத பாத்திரங்களோடு தனியாக வையுங்கள். உங்களை நம்பி வாங்குகிறவர் அதைக் கேட்கவே மாட்டார். அதனால்தான் நீங்களே செய்துவைக்க வேண்டும்.